பல்பு வாங்கிய கதை: துலிப் இரண்டாம் வருடம் ஏன் பூக்கவில்லை?

மார்ச் 14 (வந்த கேள்வி)

"முதல் தடவையாக 12 துலிப் கிழங்கு நட்டேன். போன வசந்தத்தில் 12-ம் பூத்தன. பூ கொட்டியதும் இலைகள் அலங்கோலமாகக் கிடந்ததால் தரையோடு ஒட்ட வெட்டிவிட்டேன். கிழங்கைத் தொடவில்லை, மண்ணிலேயே இருந்தது. இந்த வருடம் 9 முளைத்திருக்கின்றன. ஒவ்வொன்றிலும் அகலமாக ஒரே ஒரு இலை. மொட்டு ஒன்றுகூட இல்லை. உரம் போதவில்லை என்று நினைக்கிறேன். என்ன போடலாம்?"

மார்ச் 14, மாலை

உரத்தை விடுங்கள். இலையை வெட்டினீர்களே, அங்கேதான் காரியம் கெட்டது.

"அகலமாக ஒரே ஒரு இலை" என்று எழுதியிருக்கிறீர்கள். பூக்கப்போகிற துலிப் தண்டோடு வரும். அந்தத் தண்டில் மூன்று நான்கு இலை இருக்கும். தண்டே இல்லாமல் தரையிலிருந்து ஒற்றை இலை வந்தால், கிழங்கு பூக்கிற அளவுக்குப் பெருக்கவில்லை என்று அர்த்தம். போன வருடம் இலைகள் சமைத்துக் கீழே அனுப்பியிருக்க வேண்டிய சாப்பாட்டை நீங்கள் வெட்டிக் குப்பையில் போட்டுவிட்டீர்கள்.

மார்ச் 14, இரவு

மாலையில் எழுதியதைத் திரும்பப் படித்தேன். வெட்டாமல் விட்டிருந்தால் 12-ம் பூத்திருக்கும் என்கிற தொனி அதில் இருக்கிறது. அப்படி இல்லை. ஒரு இலையைக்கூடத் தொடாமல் நானும் விட்டுப் பார்த்திருக்கிறேன். 20 கிழங்கில் 7 பூத்தன. மற்றதெல்லாம் உங்களுடையது மாதிரியே ஒற்றை இலை.

துலிப் கிழங்குக்கு ஆயுசு ஒரு பருவம்தான். நட்ட கிழங்கு தன்னிடம் இருக்கிற மாவையெல்லாம் தண்டுக்கும் பூவுக்கும் கொடுத்துவிட்டுச் சருகாகிவிடும். சாவதற்குள் அதன் அடுக்குகளின் இடுக்கில் குட்டிக் கிழங்குகள் உருவாகிவிடும். அடுத்த வருடம் நாம் பார்ப்பது அந்தப் பிள்ளைகளை. வசந்தம் நீளமாக, குளிர்ச்சியாக இருந்து இலைக்குப் போதுமான நாள் கிடைத்தால் மூத்த பிள்ளை பூக்கிற அளவுக்குப் பெருக்கும். வெயில் சீக்கிரம் ஏறி இலை கருகிவிட்டாலோ, நாமே வெட்டிவிட்டாலோ, ஒரு பெரிய கிழங்கின் சொத்து நான்கைந்து பங்காகிவிடும். பாகம் பிரித்த சொத்தில் யாருக்கும் வீடு கட்டக் காணாது.

ஆக, உங்கள் மேல் பாதிப் பழி. மீதி துலிப்பின் குணம்.

மார்ச் 15

"கிழங்கு கிழங்கு என்கிறீர்களே, பல்பு என்று சொன்னால் என்ன?" என்று ஒருவர். சொல்லலாம். பாடப்புத்தகத்தில் குமிழம் என்றும் வரும். ஆனால் "இந்த வருடமும் பல்பு வாங்கினேன்" என்று எழுதினால் நீங்களே சிரிப்பீர்கள். உண்மையில் இரண்டு அர்த்தத்திலும் வாங்கியிருக்கிறேன். அதிலும் சிலவற்றை ஒரே நாளில்.

கிழங்கு என்பது கொஞ்சம் பொத்தாம் பொதுவான சொல்தான். துலிப், அதைப் போலவே வசந்தத்தில் பூக்கும் டாஃபோடில், ஹயசின்த் எல்லாம் வெங்காயம் மாதிரி அடுக்கடுக்காக இருக்கும். குங்குமப்பூவின் இனமான குரோக்கஸ் அப்படி இல்லை. வெட்டினால் சேப்பங்கிழங்கு மாதிரி ஒரே சதை. அதிலும் பழையது வற்றிப்போய், அதன் தலைமேலேயே புதிது உட்காரும்.

மார்ச் 17

டாஃபோடில் 8 வருடமாக ஒரே இடத்தில் பூக்கிறதே, அதற்கு மட்டும் என்ன தனிச் சலுகை என்று கேட்டவருக்கு: அது சாவதில்லை. டாஃபோடில் கிழங்கு வருடா வருடம் உள்ளிருந்து புதிய அடுக்குப் போட்டுக்கொண்டு, வெளி அடுக்கை மெல்லிய தோலாக்கிக்கொண்டு போகும். பக்கத்தில் பிள்ளைகளையும் விடும், தானும் இருக்கும். கூட்டுக் குடும்பம்.

கூட்டுக் குடும்பத்தின் தொல்லையும் அதற்கு உண்டு. நெருக்கடி அதிகமானால் புல் மாதிரி இலை மட்டும் அடர்த்தியாக வரும், பூ இருக்காது. அப்போது இலை காய்ந்தபின் தோண்டிப் பிரித்து நட வேண்டும். மேலோட்டமாக நட்டாலும், பூ முடிந்தபிறகு மண் காய்ந்து கிடந்தாலும், நிழல் கூடிவிட்டாலும் இதே கதைதான்.

இன்னொன்று. தோண்டி எடுத்த டாஃபோடில் கிழங்கைக் கழுத்துப் பக்கம் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். கெட்டியாக இருக்க வேண்டும். அமுங்கினால் உள்ளே புழு இருக்கலாம். வண்டுத்தேனீ மாதிரி வேஷம் போட்ட ஒரு ஈ, கோடைத் தொடக்கத்தில் காய்கிற இலையின் அடியில் முட்டையிடும். பெரும்பாலும் கிழங்குக்கு ஒரு புழுதான்; அந்த ஒன்றே நடுக்குருத்தைத் தின்று தீர்த்துவிடும். ஒருமுறை வெட்டிப் பார்த்தேன். கொழுத்த, அழுக்கு வெள்ளைப் புழு, சுற்றிலும் பழுப்புச் சேறு. அதன்பின் அழுத்திப் பார்க்காமல் ஒன்றையும் நடுவதில்லை.

மார்ச் 22

இலையை வெட்டக்கூடாது, சரி, பின்னிக் கட்டிவைக்கலாமா? கூடாது. நான் செய்தேன். டாஃபோடில் இலைகளைச் சடை மாதிரி பின்னி, ரப்பர் வளையம் போட்டு, வரிசையாக நிற்கவைத்தேன். பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது. ஆனால் பின்னலுக்குள் போன இலைக்கு வெயில் ஏது? அடுத்த வருடம் பூ பாதியாகக் குறைந்தது. பூ முடிந்து குறைந்தது 6 வாரமாவது இலை விரிந்து வெயிலில் கிடக்க வேண்டும். மஞ்சளாகி, இழுத்தால் தானே கையோடு வந்தால் எடுக்கலாம்.

காம்பில் காய் பிடிக்கத் தொடங்கினால் அதை மட்டும் கிள்ளிவிடுங்கள். விதைக்குப் போகிற சத்து கிழங்குக்குப் போகட்டும். கிள்ளும்போது தண்டை விட்டுவையுங்கள், அதுவும் பச்சைதான், அதுவும் உழைக்கிறது.

அலங்கோலத்தை மறைக்க எனக்குத் தெரிந்த ஒரே வழி: கிழங்குகளுக்கு இடையில் தாமதமாகத் தழைக்கிற செடிகளை நடுவது. இது காயும்போது அது எழுந்து மறைத்துவிடும்.

ஏப்ரல் 2

ஒரே நிறமாகப் பூத்துக்கொண்டிருந்த சிவப்புத் துலிப்பில் திடீரென்று வெள்ளைக் கோடுகள், சுடர் மாதிரி. ஒருவர் மகிழ்ந்துபோய் எழுதியிருக்கிறார். மகிழ்ச்சியைக் கெடுக்கிறேன், மன்னிக்கவும். அது பெரும்பாலும் வைரஸ். அசுவினிப் பூச்சி ஒரு செடியிலிருந்து இன்னொரு செடிக்குக் கொண்டுபோகும்.

துலிப்பின் மொத்தச் சரித்திரமும் இந்த நோயைச் சுற்றித்தான். மத்திய ஆசிய மலைகளில் தானாக வளர்ந்த செடி, ஓட்டமான் துருக்கியரின் தோட்டங்கள் வழியாக ஐரோப்பாவுக்குப் போனது. 1593-ல் கரோலஸ் குளுசியஸ் என்ற தாவரவியலாளர் நெதர்லாந்தின் லெய்டன் பல்கலைக்கழகத் தோட்டத்தில் நட்டார். அடுத்த நாற்பத்தைந்து வருடத்துக்குள் அங்கே கோடு விழுந்த துலிப்புக்காக ஆட்கள் பைத்தியம் பிடித்து அலைந்து, மண்ணுக்குள் இருக்கிற கிழங்கைக் கண்ணால் பார்க்காமலேயே கைமாற்றி, 1637 பிப்ரவரியில் விலை குப்புற விழுந்தது. அவர்கள் அடித்துக்கொண்டது நோயாளிக் கிழங்குக்காக என்பது அவர்களுக்குத் தெரியாது. ஒரு கிழங்கிலிருந்து இன்னொன்றுக்குத் தொற்றுகிற நோய் என்று 1928-ல்தான் டோரதி கெய்லி என்ற ஆராய்ச்சியாளர் காட்டினார். கோடு விழுந்த கிழங்கு வருடத்துக்கு வருடம் மெலியும், பிள்ளைகளும் குறையும். அதனால்தான் அது அரிதாகவே இருந்தது, அரிதாக இருந்ததால் விலை ஏறியது.

இன்று விற்கிற கோடு போட்ட துலிப் வகைகள் பரம்பரையாகவே அப்படிப் பூப்பவை, பயமில்லை. திடீரென்று மாறியதைத் தோண்டி எறிந்துவிடுங்கள். பக்கத்தில் லில்லி இருந்தால் இரட்டை கவனம். அதே வைரஸ் அதற்கும் வரும், சில லில்லிகள் வெளியே காட்டாமலே வைத்திருக்கும்.

ஏப்ரல் 9

பூச்சாடி விஷயம், சுருக்கமாக. டாஃபோடிலை வெட்டினால் காம்பிலிருந்து கொழகொழவென்று ஒழுகுமே, அது துலிப்புக்கு ஆகாது. இரண்டையும் ஒரே சாடியில் வைத்தால் துலிப் சீக்கிரம் தலைசாய்ந்துவிடும். டாஃபோடிலைத் தனித் தண்ணீரில் சில மணி நேரம் நிறுத்தி, மறுபடி காம்பை வெட்டாமல், அப்புறம் சேருங்கள்.

துலிப் வெட்டிய பிறகும் வளரும். நேற்று இரவு சாடியின் விளிம்போடு சமமாக வைத்தேன், காலையில் எல்லாம் ஜன்னல் பக்கம் கழுத்தை நீட்டிக்கொண்டு நிற்கின்றன. சாடியைத் திருப்பி வைத்தேன். சாயங்காலம் மறுபடி ஜன்னல் பக்கம். என்னைவிடப் பிடிவாதம்.

ஏப்ரல் 10

பூமியின் தென்பாதியில் இருக்கும் வாசகர் ஒருவர், தேதியெல்லாம் குழப்புகிறது என்கிறார். ஆறு மாதம் தள்ளிப் படியுங்கள். உங்களுக்கு இப்போதுதான் நடுகிற காலம் வருகிறது.

மே 8

என் துலிப் இலைகள் நுனியிலிருந்து மஞ்சளாகிக்கொண்டு வருகின்றன. முதலில் நுனி வைக்கோல் நிறம், அப்புறம் ஓரம், நடு நரம்பு மட்டும் இன்னும் பச்சை. வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாம் "செடி செத்துப்போச்சா?" என்கிறார்கள். தண்ணீரைக் குறைத்துவிட்டேன்.

உரக் கேள்விக்கு நியாயமான பதிலும் இங்கேதான். மார்ச்சில் "விடுங்கள்" என்று விரட்டிவிட்டேன், அது அவசரம். துளிர் விடும்போதும் பூ முடிந்த உடனேயும் பொட்டாசியம் கூடிய, நைட்ரஜன் குறைந்த உரம் கொஞ்சம் கொடுத்தால் தொட்டியில் இருப்பவற்றுக்கு உதவும். நைட்ரஜன் ஏறினால் இலை சதைத்து, அழுகல் வரும். இலை மஞ்சளான பிறகு எதைக் கொட்டியும் பயனில்லை.

ஜூன் 11

தோண்டினேன். போன வருடம் பூத்த 7 செடிகள் இருந்த இடம்.

முதல் செடியை அப்படியே எழுதுகிறேன். காய்ந்த தண்டைப் பிடித்துக்கொண்டு மண்ணை விலக்கினால், தாய்க் கிழங்கு இருந்த இடத்தில் பழுப்புக் காகிதம் மாதிரி ஒரு பை. விரலால் நெருடினால் சரசரவென்று உதிர்கிறது. உள்ளே அதன் சதை எதுவுமே இல்லை. அந்தப் பைக்குள் மூன்று கிழங்குகள் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு. மூத்தது செம்பழுப்புத் தோலோடு பளபளவென்று இருக்கிறது. நூலைச் சுற்றி அளந்தால் 11 சென்டிமீட்டர் சுற்றளவு. அடுத்தது 8. மூன்றாவது கட்டைவிரல் நகம் அளவு.

ஏழு செடியில் மொத்தம் 22. பதினொன்றும் அதற்கு மேலும் 4, எட்டிலிருந்து பத்துக்குள் 6, மீதி 12 பொடிசு. பத்துக்குக் கீழே உள்ளது பூக்காது, எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு பொடிசு எங்கே இருந்தது தெரியுமா? மற்றவற்றைவிட ஒரு சாண் ஆழத்தில். சின்னக் கிழங்குகள் குழாய் மாதிரி ஒன்றைக் கீழே விட்டு, அதன் நுனியில் புதுக் கிழங்கை வைக்கும். தானாகவே ஆழத்துக்குக் குடிபெயர்கிற வித்தை. மண்வெட்டியில் பாதி சீவிவிட்டேன்.

தோலை உரித்துக்கொண்டே இருந்ததில் விரல் நுனி அரிக்கிறது. துலிப் கிழங்கை நாள்முழுக்கக் கையாளுகிறவர்களுக்கு இது தொழில் நோய். கையுறை போட்டுக்கொள்ளுங்கள். நான் எப்போதும் அடுத்தவர்களுக்குத்தான் சொல்வேன்.

ஜூன் 12

ஒரு திருத்தம், ஒரு கண்டுபிடிப்பு. 22 இல்லை, 21. ஒன்று புளித்த வாடை அடித்தது. அடித்தட்டில் வெளுத்த ரோஜா நிறப் பூஞ்சணம். ஃபியுசேரியம் என்ற பூஞ்சையால் வரும் அழுகல். அந்தப் பொடிசை எறிந்தேன், ஆனால் ஒரு ராத்திரி மற்றவற்றோடு ஒரே தட்டில் கிடந்திருக்கிறது. அழுகுகிற துலிப், பழங்களைப் பழுக்கவைக்கிற எத்திலீன் வாயுவை விடும், அது பக்கத்துக் கிழங்குகளின் மொட்டைக் கெடுக்கும். ஒரு ராத்திரிதானே என்று மனதைத் தேற்றிக்கொள்கிறேன்.

கண்டுபிடிப்பு என்னவென்றால், துலிப் கிழங்கின் ஒரு பக்கம் ஏன் தட்டையாக இருக்கிறது என்று இத்தனை வருடமாக யோசித்ததில்லை. பழைய தண்டு அந்தப் பக்கத்தில்தான் ஒட்டிக்கொண்டிருந்திருக்கிறது. தாய்க் கிழங்கின் நடுவிலிருந்து தண்டு போகிறது, அதை ஒட்டிப் பிள்ளை வளர்கிறது, தண்டு அழுத்திய பக்கம் சப்பையாகிவிடுகிறது. முதல் பெரிய இலை தட்டைப் பக்கம் வரும், தொட்டியில் நடும்போது அந்தப் பக்கத்தை வெளியே பார்த்து வையுங்கள் என்று சொல்வார்கள். இப்போதுதான் எனக்கு அந்தப் பக்கத்தின் மேல் மரியாதை வந்தது.

செப்டம்பர் 6

"குளிர்தான் பூவை உண்டாக்குகிறது" என்று இந்த இழையிலேயே யாரோ எழுதி, நானும் ஆமாம் போட்டிருந்தேன். தப்பு. இன்று நான்கு பெரியவற்றில் ஒன்றைப் பலி கொடுத்தேன்.

கூரான கத்தியால் நுனியிலிருந்து அடித்தட்டு வரை நெடுக்காக ஒரே வெட்டு. வெள்ளைச் சதை அடுக்குகள், நடுவில் வெளிர் மஞ்சளாக ஒரு குருத்து. ஊசியால் குருத்தின் மடிப்புகளைப் பிரித்து, பூதக்கண்ணாடியில் பார்த்தால், நெல்மணி அளவுகூட இல்லாத பூ. இதழ்கள், ஆறு மகரந்தத் தாள்கள், நடுவே மூன்று மூலையாகச் சூல்பை. எல்லாம் தயார். இந்தக் கிழங்கு இன்னும் ஒரு குளிரையும் பார்க்கவில்லை. ஜூனிலிருந்து அலமாரி மேல் வலைப்பையில், காற்றோட்டமாக, அறை வெப்பத்தில்தான் கிடந்தது.

ஆக, பூ கோடையில் உருவாகிவிடுகிறது. குளிர் செய்வது வேறு வேலை: தண்டு நீளுவதற்கு அனுமதி கொடுக்கிறது. குளிர் போதாத துலிப்பைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், பூ வரும், ஆனால் இலைகளுக்கு நடுவே தரையோடு உட்கார்ந்து, எழுந்திருக்க முடியாத மாதிரி. தோண்டியதும் கிழங்கை ஃப்ரிட்ஜில் வைக்காதீர்கள் என்பதற்கும் இதுதான் காரணம். முதலில் வெதுவெதுப்பு, அப்புறம்தான் குளிர்.

அக்டோபர் 19

குளிர்காலம் பேருக்கு மட்டும் வருகிற இடங்களில் இருப்பவர்கள் ஃப்ரிட்ஜ் கணக்கு கேட்டிருக்கிறீர்கள். முன்பு இருந்த வீட்டில் நானும் அப்படித்தான். துலிப்புக்கு 12 முதல் 16 வாரம், ஹயசின்த்துக்கு 10 முதல் 14, குரோக்கஸும், குட்டி நீலப் பூக்கொத்து விடும் மஸ்காரியும் கிட்டத்தட்ட அதே. 2 முதல் 9 டிகிரி செல்சியஸுக்குள். காகிதப் பை அல்லது ஓட்டை போட்ட பை. எடுத்தால் நேரே மண்ணுக்கு; நடுவில் வெயிலில் வைத்து "கொஞ்சம் பழகட்டும்" என்று விட்டால் வாங்கிய குளிர் வீணாகலாம். வெள்ளைப் பூக் கொத்தாக வரும் பேப்பர்வொயிட் நார்சிசஸுக்கு இந்தத் தவமெல்லாம் வேண்டாம். அப்படியே நடலாம்.

அதே ஃப்ரிட்ஜில் ஆப்பிள் வைக்காதீர்கள். 14 வாரம் நாள்காட்டியில் கோடு போட்டு எண்ணினேன். கீழ்த்தட்டில் கிழங்கு, மேல்தட்டில் ஆப்பிள். பழுக்கிற ஆப்பிளிலிருந்து எத்திலீன். அந்த வருடம் 15 துலிப்பும் அழகாகத் தண்டு விட்டன. மொட்டைத் தொட்டுப் பார்த்தால் காகிதம். உள்ளே ஒன்றுமில்லை. முதல் பல்பு அதுதான்.

பையின் மேல் "தின்னாதே" என்று கொட்டை எழுத்தில் எழுதுங்கள். டாஃபோடில் கிழங்கு வெங்காயம் மாதிரியே இருக்கும், விஷம். நாய் பூனை இருக்கிற வீட்டில் எந்தக் கிழங்கையும் தரையில் வைக்காதீர்கள். இலையுதிர் காலத்தில் பூக்கும் கோல்சிகம் இன்னும் மோசம்; நம் செங்காந்தளின் சொந்தக்காரர், விஷமும் அதே. பார்க்கக் குரோக்கஸ் மாதிரி இருக்கும். மகரந்தத் தாளை எண்ணுங்கள்: குரோக்கஸுக்கு மூன்று, கோல்சிகத்துக்கு ஆறு. குங்குமப்பூ தருகிற குரோக்கஸும் இலையுதிர் காலத்தில்தான் பூக்கும், ஆகவே எண்ணத் தெரிந்திருப்பது நல்லது.

நவம்பர் 9

நட்டாயிற்று. பெரியவை 3, நடுத்தரம் 6, எல்லாம் ஒரே பெரிய தொட்டியில். பொடிசுகள் தோட்டத்து மூலையில்.

ஆழம்: கிழங்கின் உயரத்தைப் போல இரண்டு மூன்று மடங்கு மண் மேலே இருக்க வேண்டும். துலிப்புக்கு 15 முதல் 20 சென்டிமீட்டர். தண்ணீர் தேங்கினால் எல்லாம் வீண், அடியில் பொடிக்கல் கலந்தேன். துலிப்பைக் கடைசியாக, மண் நன்றாகக் குளிர்ந்தபின் நடுவதுதான் நல்லது, இலையைச் சுட்ட மாதிரி ஆக்கும் பூஞ்சை நோய் குறையும். மேலே கம்பி வலை போட்டேன், அணிலுக்குத் துலிப்பும் குரோக்கஸும் பண்டிகை. டாஃபோடிலைத் தொடாது.

மகள் ஒன்றைத் தலைகீழாக நட்டாள். "அப்பா, அது கீழே போய் அந்தப்பக்கம் வருமா?" வராது, வளைந்து மேலேதான் வரும், ஆனால் வளைய அதற்குச் செலவாகும் என்றேன். எடுத்துத் திருப்பி வைக்க விடவில்லை. தீக்குச்சி குத்தி அடையாளம் வைத்திருக்கிறாள். நடுத்தரத்தில் ஒன்று அது.

ஜனவரி 17

கண்ணாடிக் குடுவையில் ஹயசின்த். தண்ணீர் அடித்தட்டைத் தொடாமல் ஒரு மயிரிழை கீழே. இருட்டில், குளிரில் 9 வாரம் ஆயிற்று. வேர் குடுவையின் பாதிக்கு வந்துவிட்டது, வெள்ளை நூல் கற்றை. வெளிச்சத்துக்குக் கொண்டுவர ஆசை. பொறுக்கிறேன்.

மார்ச் 27

கணக்கு ஒப்படைக்கிறேன்.

பெரியவை 3-ல் இரண்டு பூத்தன. மூன்றாவது தண்டு விட்டு, மொட்டு விரலளவு வந்து, அப்படியே காகிதமாகிவிட்டது. அந்தப் புளித்த கிழங்கோடு கிடந்த ராத்திரியா, பிப்ரவரியில் நான் ஊருக்குப் போனபோது தொட்டி காய்ந்ததா? இரண்டாவதுதான் என்று நினைக்கிறேன். தொட்டிக் கிழங்குக்கு வேர் ஓடும் குளிர்காலத்திலும் ஈரம் வேண்டும், மேலே ஒன்றும் தெரியவில்லை என்று மறந்துவிடுகிறோம்.

நடுத்தரம் 6-ல் ஒன்று பூத்தது. குட்டையாக, சின்னதாக, ஆனால் பூ. பத்துக்குக் கீழே பூக்காது, எழுதி வைத்துக்கொள்ளுங்கள் என்று ஜூனில் சொன்னேன். எழுதி வைத்திருந்தால் அடித்துவிடுங்கள். பூத்தது தலைகீழானது இல்லை. அது மற்றவற்றுக்குப் பத்து நாள் பிந்தி வந்து ஒற்றை இலை விட்டிருக்கிறது. மகளுக்கு அதுவே போதும்.

கேள்வி கேட்ட நண்பர், வருடா வருடம் புதிதாக வாங்குவது தோல்வியா என்று கேட்கிறார். பெரிய பூ விடும் கலப்பினத் துலிப்பை ஒரு பருவச் செடியாக நினைத்து வாங்குவதில் எந்த வெட்கமும் இல்லை. நிலைத்து நிற்க வேண்டுமென்றால் டாஃபோடில், குரோக்கஸ், மஸ்காரி, அப்புறம் துலிப்பிலேயே டார்டா, குளுசியானா மாதிரிக் காட்டு வகைகள். பூ சின்னது, ஆனால் திரும்ப வரும்.

அவருடைய ஒன்பது ஒற்றை இலைகளை அவர் போன வருடம் வெட்டவில்லையாம். இந்த வருடம் ஏழு வந்திருக்கின்றன, ஒன்றில் தண்டு தெரிகிறதாம். படம் அனுப்பியிருக்கிறார். மங்கலாக இருக்கிறது. தண்டு மாதிரிதான் தெரிகிறது.